ஊத்துச்சோலை எல்லைக்குள் ஒரு கோம்பை நாய்

போடிநாயக்கனூர்,
6-6-1983.

திருமதி சுருளியம்மாள் அவர்களுக்கு,
(காலஞ்சென்ற திருப்பதி அவர்களின் மனைவி)
கடைசி வீடு, சோலையடித் தெரு.

அம்மணி,

ஊத்துச்சோலைக் காப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். நம் ஊரின் மேற்கு விளிம்பில், மலையடிவாரத்தை ஒட்டியுள்ள மேற்படி சோலை இரண்டு ஆண்டுகளுக்கு முன் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள கேளையாடு எனப்படும் சிறு மான், சருகுமான், காட்டுக்கோழி முதலியவற்றைக் காப்பதில் துணைநிற்கும் பொறுப்பைச் சோலையடித் தெருவில் குடியிருப்போரும் ஊரார் சிலரும் ஏற்றுக்கொண்டு இக்குழுவை அமைத்ததும் தாங்கள் அறிந்ததே.

குழுவின் விதிகளில் தங்களுக்குப் பொருந்துவன இரண்டு. விதி நான்கின்படி, எல்லைக் கற்களுக்கு உட்பட்ட வீடுகளில் வளரும் நாய்கள் பகலில் கட்டப்பட்டும், மாலை ஆறு மணி முதல் வீட்டுக்குள் அடைக்கப்பட்டும் இருக்க வேண்டும். பூனைகள் கழுத்தில் மணியுடன் மட்டுமே வெளியே விடப்பட வேண்டும். விதி ஏழின்படி, ஒரு நாய் சோலைக்குள் இருமுறை காணப்பட்டால், அது எல்லைக் கற்களுக்கு வெளியே நிரந்தரமாக அனுப்பப்பட வேண்டும்.

தங்கள் வளர்ப்பான செம்பன் என்ற கோம்பை நாய் சென்ற சித்திரையில் சோலைக்குள் காணப்பட்டு, தாங்கள் எச்சரிக்கப்பட்டீர்கள். கடந்த வெள்ளிக்கிழமை மாலை, ஊற்றுக்கு மேலே கேளையாட்டுக் குட்டி ஒன்று கடிபட்டு இறந்து கிடந்தது. செந்நிற விலங்கு ஒன்று அவ்விடத்திலிருந்து தங்கள் வீட்டுப் பின்சுவர்ப் பக்கமாக ஓடியதைக் கண்டதாகச் சோலைக் காவலர் வேலுச்சாமி கூறியிருக்கிறார்.

இது குறித்துத் தங்கள் விளக்கத்தை, இம்மாதம் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் கூட்டத்துக்கு முன்னதாக, எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.

இங்ஙனம்,
வெள்ளைத்துரை, பி.ஏ., பி.எல்.,
செயலாளர்.


சோலையடித் தெரு,
9-6-1983.

வக்கீல் அண்ணனுக்கு,

சுருளியம்மாள் எழுதுவது. கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. வாயில் போட்ட வெற்றிலை தீருவதற்குள் நடந்து வந்துவிடலாம். அதற்கு ரிஜிஸ்தர் தபால்.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "யாருத்தா இது, கலெக்டரா?" என்றாள். "இல்லக்கா, எங்கண்ணன்" என்றேன். என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறீர்கள். என் வீட்டு விலாசத்தில் அந்தச் சொல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

கருமாதி முடிந்த அன்று சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும், "சாமானைக் கட்டு, என் வீட்டுக்கு வா" என்றீர்கள். வரமாட்டேன் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறீர்கள், விதி நாலு, விதி ஏழு என்று.

நான் ஏன் நாய் வளர்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தேவாரத்திலிருந்து கொழுந்தன் மொக்கையன் மாதம் தவறாமல் வருகிறார். தன் அண்ணன் ஏலத்தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து கட்டிய வீட்டில் தம்பிக்கும் பாதி என்பது அவர் கட்சி.

"கதவத் தொறங்க மதினி. எங்கண்ணன் வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதா?"

"தாராளமா வாங்க தம்பி. செம்பன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க."

கேட்டுக்கு வெளியே நின்று செம்பனைத் திட்டுவார். அவன் குரைப்பான். தெருவே வேடிக்கை பார்க்கும். பிறகு போய்விடுவார். அவர் இங்கே வரக்கூடாது என்று கோர்ட்டில் இஞ்சங்ஷன் வாங்கித் தருகிறேன் என்று பொன்னுமணி மதினியிடம் சொல்லியனுப்பினீர்கள். அந்தக் காகிதம் குரைக்குமா?

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். செம்பன் இருக்கும்வரை நான் என் வீட்டில் இருக்கலாம். அவன் போனால் உங்கள் வீட்டு மாடி அறை எனக்காகக் காத்திருக்கிறது. அங்கே நான் அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கச்சி. இதுதான் விளக்கம். இது எத்தனையாவது விதியில் வருகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுருளியம்மாள்.


போடிநாயக்கனூர்,
14-6-1983.

சுருளியம்மாளுக்கு,

உன் கடிதத்தை விளக்கமாகக் கோப்பில் சேர்க்க இயலவில்லை. அதில் நாயைப் பற்றிய செய்தி குறைவு. என்னைப் பற்றிய செய்தி அதிகம். ஆகவே இதனைச் செயலாளராக அல்லாமல் எழுதுகிறேன்.

முதலாவதாக, மாடி அறை. விதி ஏழு உன்னை அங்கே வரவழைப்பதற்காக எழுதப்பட்டது என்ற பொருள்பட எழுதியிருக்கிறாய். அவ்விதி எழுதப்பட்ட நாளில் மாப்பிள்ளை திருப்பதி நம்மோடு இருந்தார். அதன்கீழ் முதல் கையெழுத்து அவருடையது. காட்டுக்கோழி முட்டையைப் பூனை தின்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும்.

இரண்டாவதாக, என் நிலை. வேறொருவர் நாயாக இருந்தால் கருணை காட்டும்படி நானே பேசியிருப்பேன். உன் நாய் என்பதால் அந்த வாய்ப்பு எனக்கு இல்லை. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் மளிகைக் கடை கன்னையன், நான் காதில் வாங்கும்படியே பேசினார்: "வக்கீலய்யா தங்கச்சி நாயிக்கு மட்டும் காட்டப் பட்டா போட்டுக் குடுத்தாச்சாம்ல." நான் டீயை முழுதும் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மூன்றாவதே முக்கியமானது. வேலுச்சாமியைக் குழுவின் சார்பில் நான் விசாரித்தேன். அவர் கண்டது செந்நிற விலங்கு. கோம்பை நாயும் செந்நிறம், செந்நாயும் செந்நிறம். போடிமெட்டுச் சரிவிலிருந்து செந்நாய்கள் கோடையில் கீழே இறங்குவதுண்டு. செந்நாயின் வால் அடர்ந்து கறுத்திருக்கும். வாலைப் பார்த்தீரா என்று கேட்டேன். பார்த்ததாக அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆக, வால் குறித்துச் சாட்சியம் இல்லை. சந்தேகத்தின் பலன் உன் பக்கம்.

எனவே ஒரே ஒரு பக்கத்தில் பதில் எழுது. உனக்கு நேரடியாகத் தெரிந்ததைத் தவிர எதையும் எழுதாதே. கேட்கப்படாத எதற்கும் பதில் சொல்லாதே. பொய் எழுதும்படி நான் சொல்லவில்லை. அதை நான் சொல்லவும் கூடாது. தேவைக்கு மேல் எழுத வேண்டாம் என்கிறேன்.

வெள்ளைத்துரை.


சோலையடித் தெரு,
18-6-1983.

அண்ணனுக்கு,

நேற்று வேலுச்சாமி கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். குடித்துவிட்டு உளறினார் என்று குழுவில் சிலர் பேசுகிறார்களாம். வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்களாம். சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார்.

"ஒங்க நாயிதான்னு நெனச்சேன் ஆத்தா. இப்ப எனக்கே தெரியல. வக்கீலய்யா கேக்கக் கேக்க, நான் பாத்தது நாயா கன்னுக்குட்டியாங்கிற அளவுக்கு வந்துட்டேன்."

"குடிச்சிருந்தீகளா?"

"எங்க ஆத்தா குடிக்க? சாயந்தரத்துக்குள்ள வேலி சுத்தி வரவே பொழுது காணல."

அவர் போன பிறகு அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. நீங்கள் எனக்கு நேரடியாகத் தெரிந்ததை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

செம்பன்தான். அவன் பின்சுவர் ஏறிக் குதித்தபோது நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயில் ரோமம் ஒட்டியிருந்தது. அவனுக்கு மூஞ்சி கறுப்பு என்பதால் ரத்தம் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கல்லில் சிவப்பாக ஓடியது. கழுவித் துடைத்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு வைத்தேன். சாப்பிடவில்லை.

கேளையாடு நாய் மாதிரியே குரைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். குட்டி போன நாளிலிருந்து தாய் ஊற்றுக்கு மேலே நின்று குரைக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து செம்பன் பதிலுக்குக் குரைக்கிறான். நடுவில் நான் படுத்திருக்கிறேன்.

வேலுச்சாமிக்கு மூன்று பெண்பிள்ளைகள். என் வீட்டு நாயைக் காப்பாற்ற அவரைக் குடிகாரர் ஆக்க முடியாது. ஆனால் செம்பனையும் விட முடியாது. மொக்கையன் பூமிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தச்சனையும் கூட்டிக்கொண்டு வருவேன், பூட்டை மாற்றுவேன் என்று போன மாதம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். வக்கீலாகச் சொன்னாலும் சரி, அண்ணனாகச் சொன்னாலும் சரி.

சுருளி.


போடிநாயக்கனூர்,
22-6-1983.

சுருளிக்கு,

இப்படி ஒரு கடிதத்தை நீ எழுதியிருக்கக்கூடாது. எழுதினாலும் எனக்கு அனுப்பியிருக்கக்கூடாது. நான் அதைப் படித்துவிட்டேன். படித்த பிறகு படிக்காதவனாக இருக்க எனக்குத் தெரியவில்லை.

உன்னுடைய கடிதம் வரும்வரை எனக்கு ஒரு வாதம் இருந்தது. அது நல்ல வாதம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை எடுத்துரைப்பதற்காக இருமுறை தனியே சொல்லியும் பார்த்திருந்தேன். உண்மை இன்னதென்று அறியாதவரை சந்தேகத்தை எழுப்ப எனக்கு உரிமை உண்டு. இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. இல்லாத சந்தேகத்தைச் சபையில் எழுப்பினால் அதற்கு வேறு பெயர்.

நான் வாய் திறக்காமல் இருந்தால் வேலுச்சாமிக்கு வேலை போகும். திறந்தால் உனக்கு நாய் போகும். செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா என்று எண்ணினேன். விலகினால் அந்த இடத்துக்கு வரப்போகிறவர் கன்னையன்; அவர் கூட்டம் முடிவதற்குள் நாயை ஜீப்பில் ஏற்றிவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே எழுதிய வாசகம் ஒன்று குறுக்கே நிற்கிறது. இரண்டு இரவுகளாகப் பொன்னுமணி என்னிடம் காரணம் கேட்கிறாள். வழக்கு ஒன்றைப் பற்றிய யோசனை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை எவரிடமும் காட்ட மாட்டேன். வேலுச்சாமி கண்டது உண்மை என நம்புவதற்கு எனக்குப் போதிய காரணம் உண்டு என்று மட்டும் சொல்வேன். காரணத்தைக் கேட்டால் கூற மறுப்பேன். நீ கூட்டத்துக்கு வராதே. வந்தால் உன்னைக் கேள்வி கேட்பார்கள்; நீ எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாய்.

மாடி அறை ஜன்னலுக்குப் புதிதாக வலை அடித்திருப்பதாக யாராவது உன்னிடம் சொல்லியிருக்கக்கூடும். அது கொசுவுக்காக அடித்தது.

வெள்ளைத்துரை.


போடிநாயக்கனூர்,
27-6-1983.

சுருளிக்கு,

வர வேண்டாம் என்று எழுதியும் வந்தாய். கேட்கும் முன்பே பதில் சொன்னாய். "செம்பன்தான் கடிச்சான், நான்தான் கழுவுனேன்" என்று நீ சொன்னபோது, அறையில் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டம் படித்தவனாகச் சொன்னால் அது பெருந்தவறு. மற்ற வகையில் அதைப் பற்றி எழுத எனக்குச் சொற்கள் அமையவில்லை.

நீ எழுந்து சென்ற பின் நடந்தவற்றைத் தெரிவிக்கிறேன். வேலுச்சாமி வேலையில் தொடர்கிறார். விதி ஏழு செம்பனுக்குப் பொருந்தும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. நானும் கை உயர்த்தினேன். அதன்பின் விதி ஒன்பதை வாசித்துக் காட்டினேன். எல்லைக்கு வெளியே வசிக்கும் நாயைப் பொறுப்புள்ள ஒருவர் சங்கிலி பிடித்து உள்ளே அழைத்து வரலாம், இரவில் பூட்டிய வீட்டுக்குள் வைத்திருக்கலாம், காலையில் திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவ்விதி. மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் நாயோடு வந்து ஒருநாள் தங்கிச் செல்லும் உறவினருக்காக அதை எழுதினேன். ஒருநாள் என்று எழுத மறந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆவணங்களில் ஒரு விடுபடலுக்காக நான் மகிழ்ந்தது இதுவே முதல் தடவை.

இதை எதிர்த்தவர்கள், சங்கிலி பிடிப்பவர் குழு உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். உடனே கன்னையன் சொன்னது இது: "அப்ப வக்கீலய்யாவே புடிச்சுக்கிட்டு வரட்டும். தங்கச்சி வீட்டு வாசல மிதிக்க அவருக்கும் ஒரு சாக்கு வேணும்ல." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

ஆகவே நாளை முதல் செம்பன் பகலில் என் வீட்டில் இருக்கும். மாலை ஆறு மணிக்குள் அழைத்து வந்து உன் கேட்டில் சங்கிலியை ஒப்படைப்பேன். காலையில் பெற்றுக்கொள்வேன். நாம் பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் இதில் எழாது.

வெள்ளைத்துரை.


சோலையடித் தெரு,
20-8-1983.

அண்ணனுக்கு,

தினமும் சங்கிலியைக் கையில் வாங்குகிறேன். சொல்ல நினைப்பது வாய்வரை வந்து நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆடிச் சாரலில் குடையைப் பிடிப்பதா சங்கிலியைப் பிடிப்பதா என்று தெரியாமல் நீங்கள் நனைந்துகொண்டு வந்ததைத் தெருவே பார்த்தது. வேட்டியில் சேறு. ஒரு நாள் செருப்பைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தீர்கள். "ஏத்தா, ஒங்கண்ணன் நாயக் கூட்டியாறாரா, நாயி ஒங்கண்ணனக் கூட்டியாறுதா?" என்கிறாள் ஒச்சம்மாள் அக்கா. அவளுடைய பூனைகளுக்கும் மணி கட்டியாகிவிட்டது. தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் எலி பிடித்து வளர்ந்தவை, இப்போது எலி மணிச் சத்தம் கேட்டு ஓடிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் சின்னச் சப்பரம் ஒன்று போகிற மாதிரி இருக்கிறது.

சிரிப்பதற்கு இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை எழுதுகிறேன். சிலமலையில் சின்னம்மா மகள் சந்திரவல்லிக்குக் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. ஆறு மணிக்குள் திரும்பி வந்து செம்பனை வாங்க வேண்டும் என்று நினைத்தபோதே புடவையை மடித்து வைத்துவிட்டேன். நீங்களும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மதினி மட்டும் போய் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மொய் எழுதிவிட்டு வந்தாராம்.

செம்பன் இங்கே வந்ததும் கதவடியில் படுத்துவிடுகிறான். கீழே இருக்கும் இடைவெளியில் மூக்கை வைத்துச் சோலையை மோந்துகொண்டே கிடக்கிறான். கதவில் நகத்தால் கீறியிருக்கிறான். வெளுத்த மரம் தெரிகிறது. மொக்கையன் இரண்டு தடவை பகலில் வந்துவிட்டுப் போனார். பகலில் நாய் இல்லை என்று இன்னும் அவருக்குத் தெரியாது. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன், என் சொந்த வீட்டில்.

உங்கள் வீட்டில் அவன் எப்படி இருக்கிறான்?

சுருளி.


போடிநாயக்கனூர்,
24-8-1983.

அன்புள்ள சுருளிக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். இங்கே அதற்குச் சங்கிலி இல்லை. சுற்றுச்சுவருக்குள் அவிழ்த்தே விட்டிருக்கிறோம். பின்பக்கம் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் குழி பறித்து அதில் படுக்கிறது. பொன்னுமணி அதற்கு மீன்தலை வேகவைத்துப் போடுகிறாள். எனக்கு வைக்கும் குழம்பில் தலை காணப்படுவதில்லை. கட்சிக்காரர்களில் இருவர் வாசலோடு திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இனி நான் எழுத வேண்டியது. மதுரைக் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று அடுத்த மாதம் தொடர்ந்து நான்கு நாள் விசாரணைக்கு வருகிறது. சென்ற இரண்டு மாதங்களாக மதுரை வழக்குகளைத் தவிர்த்து வந்தேன்; மாலைக்குள் திரும்ப முடியாது என்பதே காரணம். இதைத் தவிர்க்க இயலாது. குழுவில் வேறெவரும் செம்பனின் சங்கிலியைப் பிடிக்க முன்வரவில்லை. கன்னையன் ஒருமுறை முயன்றார். இப்போது அவர் இதுபற்றிப் பேசுவதில்லை.

அந்த நான்கு நாட்களும் நீ இங்கே வந்து தங்கினால் இடர்ப்பாடு நீங்கும். இது முற்றிலும் தற்காலிகமானது. நிரந்தர ஏற்பாடு ஒன்றின் தொடக்கமாக இதை நீ கருத வேண்டியதில்லை, நானும் கருதமாட்டேன். அப்படிக் கருதமாட்டேன் என்பதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

பொன்னுமணி பக்கத்தில் நின்று, தான் சொல்வதையும் சேர்க்கச் சொல்கிறாள்: "எழுத்துல குடுக்கிறதெல்லாம் இருக்கட்டும். வந்தா நாலு நாளு ஒக்காந்து பேசலாம்னு சொல்லுங்க."

அண்ணன்,
வெள்ளைத்துரை.


சோலையடித் தெரு,
17-9-1983.

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றிரவு மதுரையிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று மதினி சொல்லியனுப்பினார். இன்று மாலை செம்பனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக வாசியுங்கள்.

நான் ஏன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று மதினி வருத்தப்பட்டார். நீங்கள் எழுத்தில் தந்ததை நம்பாமல் இல்லை. நான்கு நாள் நன்றாக இருந்துவிட்டால் ஐந்தாம் நாள் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் போன அன்று முன்கதவு, பின்கதவு, அடுப்படி ஜன்னல் எல்லாம் சாத்தினேன். செம்பன் இல்லாத வீடு பெரிதாக இருந்தது. ஊற்றுக்கு மேலே கேளையாடு குரைத்தது. பதில் குரல் இல்லாததால் கொஞ்சத்தில் அதுவும் நிறுத்திக்கொண்டது. நான் தூங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மொக்கையன் வந்தார். தச்சன் வரவில்லை. இந்தத் தடவை நான் ஒளிந்துகொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்து நின்றேன்.

"நாயி எங்க மதினி? சத்தத்தக் காணோம்."

"அண்ணன் வீட்டுல இருக்கு தம்பி."

"சும்மா சொல்லாதீங்க. கதவுக்குப் பின்னால நிக்கிதா?"

"நிக்கிறது நான்தான்."

நம்பவில்லை. கேட்டைத் தட்டிப் பார்த்தார், கல் எடுத்து வாசலில் போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் அவர் செம்பனோடுதான் சண்டை போட்டிருக்கிறார். என்னோடு போட்டதில்லை. அன்றைக்குக் கத்துவதற்கு எதிரே எதுவும் இல்லை. துண்டை எடுத்து விசிறிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி குடுங்க மதினி" என்றார். ஜன்னல் கம்பி வழியாகச் சொம்பைக் கொடுத்தேன்.

"எங்கண்ணன் இருந்தா உள்ள கூப்புட்டுருப்பாரு."

"அவரு இருந்தா நீங்க பாதி கேட்டுருக்க மாட்டீங்க."

காலிச் சொம்பைக் கம்பி வழியாகவே திருப்பிக் கொடுத்தார். தேவாரத்துக்குப் பஸ்சு போய்விடும் என்று எழுந்தார். "தையில அறுப்பு முடியட்டும், ஆளோட வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருவார். அதற்குள் அந்த இஞ்சங்ஷன் காகிதத்தை எழுதி வையுங்கள். இப்போது அது எனக்கு வேண்டும்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயத்தை வைத்துக்கொண்டே சோறாக்கலாம், துணி துவைக்கலாம், விடியக் காலையில் கொஞ்சம் கண்ணசரவும் செய்யலாம் என்று தெரிந்தது.

செம்பன் அங்கேயே இருக்கட்டும். அங்கே அவனுக்குக் குழி பறிக்க மண் இருக்கிறது. இங்கே கதவிடுக்குதான். சோலையில் அந்தத் தாய் மறுபடி குட்டி போட்டால், அதை அவன் மூக்கு எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். இந்தக் கதவு எத்தனை நாள் தாங்கும்? எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக அவனை அடைத்தேன். அவனை வாங்கிக்கொள்வதற்காக நான் அடைந்து கிடந்தேன். எங்கள் இரண்டு பேருக்காக நீங்கள் ஊரைவிட்டு நகர முடியாமல் போனீர்கள். இனிமேல் ஆறு மணிக்கு இந்த வீட்டில் அடைபடுவது நான் ஒருத்தியாக இருக்கட்டும். என் கதவு, நான் சாத்திக்கொள்கிறேன்.

மதுரைக் கேஸ்களை விடாதீர்கள்.

சுருளி.


போடிநாயக்கனூர்,
3-10-1983.

அன்புள்ள சுருளிக்கு,

உன் கடிதத்தின் தேவையான பகுதியை மட்டும் குழுவில் வாசித்தேன். செம்பன் எல்லைக்கு வெளியே நிரந்தரமாக வசிப்பதாகப் பதிவு செய்யப்பட்டு, விதி ஏழின்படியான நடவடிக்கை முடிந்தது. உன் பேரில் நிலுவை எதுவும் இல்லை. இஞ்சங்ஷன் மனு தயாராக உள்ளது. கையெழுத்திட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

இந்த முடிவை நாய்க்குத் தெரிவிக்க வழியில்லை. வெயில் தாழ்ந்ததும் எழுந்து போய் வெளிவாசலில் நிற்கிறது. தொடக்கத்தில் அதட்டினேன். "அத ஏன் அதட்டுறீங்க? நீங்களும் செருப்ப மாட்டிக்கிட்டுத்தான நிக்கிறீங்க" என்றாள் பொன்னுமணி. குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது.

ஆகவே அழைத்துக்கொண்டு நடக்கிறேன். எல்லைக் கல்வரை வந்து, கல்லுக்கு இப்பாலேயே நின்றுவிடுகிறோம். அங்கிருந்து உன் வீட்டு வாசல் விளக்கு தெரிகிறது. காற்று மலையிலிருந்து இறங்கும் நாட்களில் நீ கதவைச் சாத்தும் ஓசையும் கேட்கிறது. முன்கதவு முதலில், பிறகு பின்கதவு. அதற்குப் பின் நாங்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. ஆயினும் சற்று நேரம் நிற்கிறோம்.

நேற்று அப்படி நிற்கையில் குழுவின் விதிகளை முதலிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். எழுதியவன் நானே என்பதால் புத்தகம் தேவைப்படவில்லை. அந்தக் கல் தடுப்பது நாய்களை; மணி கட்டாத பூனைகளை. மனிதர் எவரையும், குறிப்பாகக் கையில் சங்கிலி எதுவும் இல்லாமல் தனியே வரும் ஒருவரை, அது தடுப்பதாக எந்த விதியிலும் இல்லை. கல்லுக்கு இப்பால் நின்றிருந்த இத்தனை மாலைகளிலும் இது என் கவனத்துக்கு வரவில்லை.

எனவே, யாருடைய வீடு, யார் எங்கே வசிப்பது என்பன பற்றி இதுவரை நாம் இருவரும் சொன்ன எதற்கும் பாதகமின்றி, இனியும் நான் அப்பேச்சை எடுப்பதில்லை என்ற உறுதியுடன், ஒன்று கேட்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, நீ கதவைச் சாத்துவதற்கு முன்னால், நான் மட்டும் வரலாமா?

அண்ணன்,
வெள்ளைத்துரை.